அரைப்படி அரிசிக்கு ஆறு கண்ணி

உட்கார் கண்ணு. நின்றுகொண்டிருந்தால் கரண்டு சீக்கிரம் வந்துவிடாது. அந்த மூட்டை மேல் உட்காராதே, அது ஓட்டல்காரருடையது, மில்காரத் துரைக்கண்ணு சத்தம் போடுவான். இந்தப் பலகையில் உட்கார். என்ன கொண்டுவந்திருக்கிறாய், கேழ்வரகா? நல்லது. என்னுடையது அரிசி. அரைப்படி. ரேஷன் அரிசிதான்.

என்ன கேட்டாய்? ஆரணியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது, இந்த ஊரில் பார்க்க நல்ல இடம் எது என்று கேட்டாய் அல்லவா? என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. வேறு யாரையாவது கேட்டிருந்தால் பீச் என்பார்கள். ஏசி போட்ட பெரிய கடை என்பார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்து பதினேழு வருஷம் ஆகிறது. இந்தப் பட்டணத்தில் எனக்குப் பிடித்த இடம் மொத்தம் நாலு. மூன்று போய்விட்டன. மிச்சம் இருக்கிற ஒன்றில்தான் நீ உட்கார்ந்திருக்கிறாய்.

சிரிக்காதே. மாவு மில்தான். சத்தம் பலமாக இருக்கிற இடம்தான் எனக்கு நல்ல இடம். ஏன் என்று சொல்கிறேன். அந்த பல்பை மட்டும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இரு.

நான் சாவு வீட்டில் பாடுகிறவள். முகத்தைச் சுளிக்காதே. அஞ்சலாட்சி என்றால் வியாசர்பாடியிலிருந்து ஓட்டேரி வரைக்கும் மேளக்காரர்களுக்குத் தெரியும். ஐந்தாவது வரை படித்தேன். ஒப்பாரியை யாரிடமும் கேட்டுப் பாடுவதில்லை, நானே கட்டுவேன். செத்தவர் எந்தக் கையில் கடிகாரம் கட்டுவார், மனைவியை என்னவென்று கூப்பிடுவார், இட்லிக்குச் சட்டினியா பொடியா, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறப்பேன். பொடிக்காரரைச் சட்டினிக்காரர் என்று பாடினால் அந்த வீட்டுப் பெண்களுக்கு அழுகை வராது. மற்றபடி எனக்குக் கூச்சம் அதிகம் கண்ணு. கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டால் மட்டும் குரல் வரும். உன்னிடம் இவ்வளவு பேசுகிறேனே, இருட்டாக இருப்பதால்தான்.

பாட்டைக் கட்டினால் ஒரு தடவையாவது வாய்விட்டுப் பாடிப் பார்க்க வேண்டும். எங்கே பாடுவது? சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது. ராகத்தை முனகினால்கூட மாடி வீட்டுக்காரி இறங்கி வந்துவிடுவாள். அதனால்தான் இந்த ஊரில் சத்தம் இருக்கிற இடமாகத் தேடித் தேடிக் கண்டுபிடித்தேன்.

முதல் இடம், பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளத்து ஓரம், ஒரு மதில் சுவர். கூட்ஸ் வண்டி வந்தால் நாலு கண்ணி பாடலாம். ரெண்டு அடி சேர்ந்தால் ஒரு கண்ணி, அப்படிக் கணக்கு வைத்துக்கொள். எக்ஸ்பிரஸ் என்றால் ரெண்டு. மின்சார ரயிலுக்கு ஒன்றுகூட முடியாது, அதற்குள் வால் போய்விடும். எத்தனை பேருக்கு அங்கே உட்கார்ந்து கட்டியிருக்கிறேன்! ரெண்டாவது இடம், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மெஷின் பக்கம். மெஷின் ஓட ஓடப் பாடிக்கொண்டே இருக்கலாம், நாற்றம் ஒன்றுதான்.

அப்போதெல்லாம் அது தொழில். போன கார்த்திகையிலிருந்து அப்படி இல்லை.

என் மகன் தேவநாதன். ஒரே பிள்ளை. குட்டியானை என்கிற சின்ன லாரி ஓட்டினான். அந்த மாதத்துப் பெருமழையில் ராத்திரி வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனான். போகாதே என்றேன். ‘வெங்காயம் அழுகிடும்மா, காலையில வந்துடுவேன்’ என்றான். விடிந்து பார்த்தால் தரைப்பாலத்துக்குக் கீழே முள்ளில் வண்டி மாட்டிக்கொண்டிருக்கிறது. மூட்டைகள்கூடக் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. அவனைக் காணவில்லை. படகு விட்டுத் தேடினார்கள். ஆறு கடலில் சேருகிற இடம் வரைக்கும் தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அழாதே கண்ணு. நீ எதற்கு அழுகிறாய்? அழ வேண்டியவளே அழவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

என் மருமகளைச் சொல்கிறேன். நிரோஷா என்று பேர். துணிக் கம்பெனியில் காஜா அடிக்கிறாள். போலீஸ்காரர் வந்து ஆள் இல்லை என்று சொன்னபோது என்ன சொன்னாள் தெரியுமா? ‘உடம்ப கண்ணால பாத்தீங்களா சார்? பாக்கல இல்ல? அப்ப ஆளு இருக்காரு.’ அவ்வளவுதான். பொட்டு வைக்கிறாள், பூ வைக்கிறாள். அவனுடைய போன் நம்பருக்கு மாதாமாதம் காசு போடுகிறாள், இல்லாவிட்டால் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். தெருமுனையில் எந்த வண்டி ரெண்டு தடவை ஹாரன் அடித்தாலும் எழுந்து நிற்கிறாள். அவன் அப்படித்தான் அடிப்பான், ரெண்டு. நானும் எழுந்திருப்பேன், ஆனால் எனக்கு முட்டி வலி, பாதியில் உட்கார்ந்துவிடுவேன்.

கோலம் வேறு. காலையில் வாசலை அடைத்துக்கொண்டு அரிசி மாவுக் கோலம். பச்சை மாவு! கோலப்பொடி வாங்கக் காசில்லாத வீட்டில் எறும்புக்குச் சோறு போடுகிறாள். துக்க வீட்டில் இவ்வளவு பெரிய கோலமா என்று தெருவில் கேட்கிறார்கள். மாவு ஏதுடி என்றால், ‘கம்பெனில ஒரு அக்கா குடுத்தாங்க அத்தே’ என்பாள். கொடுக்கிறதுதான் கொடுக்கிறாள், அந்த அக்கா கொஞ்சம் உளுந்து கொடுக்கக் கூடாதா?

ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே என்னை அறியாமல் ராகம் இழுத்துவிட்டேன். வார்த்தைகூட இல்லை, வெறும் ராகம். அவள் போய் மிக்சியைப் போட்டாள். ஜாரில் ஒன்றும் இல்லை. வெறும் மிக்சி. அதை ஓடவிட்டுக்கொண்டே சொன்னாள், ‘அத்தே, இந்த வூட்டுல அந்த ராகம் வேணாம். யாரும் சாவல.’

கல் நெஞ்சுக்காரி. ஒரு வருஷமாக அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரை நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் கண் சிவந்து வீங்கிப்போய் வருவாள். கேட்டால் மிளகாய் நெடி என்பாள். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் பாக்கெட்டில்தான் வாங்குகிறோம். சரி, வழியில் எங்கேயாவது அரைப்பார்கள்.

பல்பு எரிந்ததா? இல்லையா? எனக்கு எரிந்த மாதிரி தெரிந்தது.

என் பிள்ளைக்கு ஒரு பாட்டு கட்டினேன் கண்ணு. யார் யாரையோ பாடி அனுப்பியவள் பெற்ற பிள்ளையை அனுப்ப வேண்டாமா? பன்னிரண்டு கண்ணி. அதைப் பாட இடம் தேடித்தான் மூன்று இடமும் போயின. தண்டவாளத்து ஓரம் உட்கார்ந்து பாடினேன். ரயில்வே போலீஸ்காரப் பெண் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். நான் ரயிலில் விழ வந்திருக்கிறேனாம். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, ‘புள்ளைங்க சோறு போடலயா ஆயா?’ என்று கேட்டாள். நல்ல பெண். சாக வரவில்லையம்மா, பாடத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதன்பிறகு என் தலையைக் கண்டாலே விசில் ஊதினாள்.

காசிமேட்டுக்குப் போனேன். மெஷின் அதேபோல ஓடுகிறது. ஆனால் எதிரே தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் திறக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம்தான் மூன்றாவது இடம். பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறை வாசல். அங்கே அழுகிறவளை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முந்தானையைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். நல்லபடியாக வந்தது. ஐந்து கண்ணி போய்விட்டது. முந்தானையை எடுத்துப் பார்த்தால் என்னைச் சுற்றி ஒரு குடும்பமே நிற்கிறது. அவர்கள் வீட்டுப் பெரியவர் உள்ளே இருக்கிறார். நான் அவருக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பெரிய மகன் கேட்கிறான், ‘யாரும்மா நீ? எங்கப்பாவுக்கு இன்னா வேணும்?’ சின்னவன் அதற்குள், ‘அண்ணே, அம்மா சொல்லும்ல, கொருக்குப்பேட்டையில ஒண்ணு இருக்குன்னு, அதுதான் போல’ என்கிறான். அந்த அம்மா எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு வருகிறாள். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பேர்.

பாட்டு உள்ளே அடைந்துகொண்டால் என்ன ஆகும் தெரியுமா? வேறு இடத்தில் பீறிக்கொண்டு வரும். ஓட்டேரியில் ஒரு சாவு. எண்பது வயதுக்காரர். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் போனேன். வலது கையில் கடிகாரம், இட்லிக்குப் பொடி. முந்தானையைப் போட்டேன், வாயைத் திறந்தேன், வந்தது என்ன தெரியுமா?

வெங்காய மூட்டை ஏத்தி விடிய வாரேன்னு போனவனே
மூட்டையெல்லாம் கரை சேர மூட்டைக்காரன் எங்கேடா

மேளம் நின்றுவிட்டது. அவர் மகள் எழுந்து, ‘எங்கப்பா எங்க மூட்ட தூக்குனாரு? தாலுக்கா ஆபீசுல ஹெட் கிளார்க்கு!’ என்று கத்தினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் நான் அழ வைக்காமல் சிரிக்க வைத்தது அன்றைக்குத்தான். அதோடு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மேளக்காரர் போனை எடுப்பதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் இந்த மில். அரிசி அரைக்க வந்த இடத்தில், கல் ஓடும்போது துரைக்கண்ணு என்னைப் பார்த்து வாயசைக்கிறான், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இதுதான் இடம் என்று பிடித்துக்கொண்டேன். கூச்சத்தை விட்டுக் கேட்டேன். அவன் நல்லவன். ‘நீ பாடு ஆயா. கல்லு ஓடறப்போ எனக்கு ஒண்ணும் கேக்காது. ஆனா வெறுங்கல்லு ஓட்ட முடியாது, தேஞ்சிடும். அரிசி எடுத்தா’ என்றான்.

அதனால்தான் வாரம் ஒருமுறை அரைப்படி அரிசி. அரைத்த மாவை முனை வீட்டு இட்லிக்கடைக்காரியிடம் கொடுத்துவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஏது என்று கேட்பாளே.

அரைப்படி அரிசிக்கு ஆறு கண்ணிதான் வரும் கண்ணு. என் பாட்டு பன்னிரண்டு. நடுவில் அறுந்தால் பாட்டு செல்லாது, முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆறாவதில், அவன் தெருமுனையில் ரெண்டு ஹாரன் அடிக்கிற இடத்தில், கல் நின்றுவிடும். அரைத்த மாவைத் திரும்பவும் கொட்டு என்று கெஞ்சினேன். ‘கல்லுல அப்பிக்கும் ஆயா’ என்றான். ஒரு படியாகக் கொண்டுவரலாமே என்பாய். எப்படிக் கொண்டுவருவது? ரெண்டு பேருக்கான ரேஷன். நான் வாரம் எடுப்பது அரைப்படிதான், படியில் அளந்து தலையைத் தட்டித்தான் எடுக்கிறேன். ஆனால் டிரம்மில் ஒரு படி குறைகிறது. அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. நிரோஷாவே ஒரு நாள், ‘எலி ஜாஸ்தியாயிடுச்சி அத்தே’ என்றாள். நானும், ‘ஆமாம்மா, பெரிய எலி’ என்றேன். நல்லவேளை, பழி எலி மேல் போய்விட்டது.

துரைக்கண்ணு! கரண்டு ஆபீஸில் என்னப்பா சொல்கிறார்கள்? ஆறு மணிக்கா? ஆறுக்கும் வரலாம், ஏழுக்கும் வரலாமா? ஏழுக்கு நீ கதவை மூடிவிடுவாயே அப்பா!

நாளைக்கு அமாவாசை கண்ணு. அவன் போய் ஒரு வருஷம். ஊரிலிருந்து என் தம்பி போன் செய்தான், திதியாவது வையுங்கள் என்று. நிரோஷா போனைப் பிடுங்கி, ‘உசுரோட இருக்கறவருக்குத் திதி வெப்பியா மாமா? உனக்கு வெக்கட்டா?’ என்று கேட்டுவிட்டாள். திதியும் இல்லை, பாட்டும் இல்லை. என் பிள்ளை ஒரு வருஷமாக எந்தப் பாலத்தடியில் நின்றுகொண்டிருக்கிறானோ, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல். இன்றைக்குள் அவனை அனுப்ப வேண்டும். இன்றைக்கும் ஆறு கண்ணிதான் என்றால் நான் என்ன செய்வேன்? வேகமாகப் பாடலாம் என்று நினைத்தேன். வேகமாகப் பாடினால் அது ஏலம் போடுகிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. கடைசிக் கண்ணி இன்னும் கட்டவில்லை. பதினொன்று இருக்கிறது. பன்னிரண்டாவது, பாடையைத் தூக்கும்போது வழியனுப்புகிற கண்ணி. மற்றவர்களுக்கு அது எனக்கு நின்ற இடத்தில் வரும். இவனுக்கு வரவில்லை. அதை நான் சொல்லிவிட்டால் அவன் செத்துப்போவான் கண்ணு. என் வாயால் செத்துப்போவான். சொல்லாத வரைக்கும் தெருமுனையில் ஹாரன் அடிக்கலாம் இல்லையா? ஆறாவதில் கல் நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கும்.

என்ன பார்க்கிறாய்? ஆமாம், நானும்தான். அவளை மட்டும் குறை சொல்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? என்னைப் போல இன்னொருத்தியும் இங்கே வருகிறாளாம். துரைக்கண்ணு சொன்னான். வெள்ளிக்கிழமை கம்பெனி விட்டு வருவாளாம். அவளும் அரைப்படி அரிசி. கல் ஓடுகிற வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். ‘அதுக்குப் பாடத் தெரியல ஆயா, வெறும் கத்தல்தான், வாயப் பாத்தா தெரியும்’ என்றான். பாவம், எவள் பெற்ற பிள்ளையோ. பாட்டு தெரிந்த எனக்கே இப்படி என்றால், தெரியாதவளுக்கு உள்ளே எப்படி இருக்கும்? என்றைக்காவது கண்டால் ரெண்டு கண்ணி சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைப்பேன். நான் வருவது எப்போதும் புதன்கிழமை, அதனால் பார்த்ததில்லை. நாளைக்கு வருஷம் என்பதால்தான் இன்றைக்கு வந்தேன்.

இன்றைக்கு வெள்ளி. ஆமாம், வெள்ளிதான்.

யார் அது வாசலில்?

ஐயோ. கண்ணு, கொஞ்சம் நகர்ந்து என்னை மறைத்துக்கொள். நிரோஷா. என் மருமகள். யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், என்னைப் பிடிக்க வந்திருக்கிறாள். இனி இந்த இடமும் போயிற்று. நாலும் போயிற்று. முந்தானை எங்கே, முந்தானை...

இரு. அவள் கையில் வாளி இருக்கிறது. நீல மூடி போட்டது. எங்கள் வீட்டு வாளிதான், பிடி உடைந்து நான்தான் கயிறு கட்டினேன்.

துரைக்கண்ணு அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். ‘வாம்மா, கரண்டு இல்ல, குந்து’ என்கிறான். தெரிந்தவளிடம் பேசுகிற மாதிரி.

எலியைப் பார்த்துவிட்டேன் கண்ணு.

பார்த்துவிட்டாள். என்னைத்தான் பார்க்கிறாள். நீ போகாதே, பக்கத்திலேயே இரு. ‘இன்னா நிரோஷா?’ என்று கேட்கிறேன். ‘மொளகா அரைக்க வந்தேன் அத்தே’ என்கிறாள். மூடி ஆடுகிறது, உள்ளே அரிசி வெள்ளையாகத் தெரிகிறது. தலை தட்டி எடுத்த அரைப்படி. ‘நீங்க?’ என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வது? ‘நானும் மொளகாதான்’ என்றேன். கேட்டாய் அல்லவா? அதுதான் வாயில் வந்தது.

வந்து உட்கார்ந்துவிட்டாள். என் தோள் மேல் தோள் படுகிறது. ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. கை எப்படிச் சில்லென்று இருக்கிறது. ‘அத்தே, நான் அவருக்காக ஒண்ணும் வரல. சும்மாதான் வரேன். அவர் இருக்காரு’ என்கிறாள். ‘இருக்கான்மா. இருக்கான். சும்மாதான். நானும் சும்மாதான் வரேன்’ என்றேன். வேறென்ன சொல்வேன்? காதருகே குனிந்து, ‘நிரோஷா, உனக்குப் பாட்டு தெரியாதாமே’ என்றேன். தலையை ஆட்டுகிறாள். தெரியாதாம். ‘நான் சொல்லச் சொல்ல நீ கூட இழு. வார்த்தை வேண்டாம், ராகம் போதும்’ என்றேன். மிக்சி போட இங்கே மிக்சி இல்லை.

பல்பு! எரிந்துவிட்டதடி! துரைக்கண்ணு, பெல்ட்டைப் போடு அப்பா!

என்ன கேட்கிறான்? யார் முன்னாடி என்கிறானா? முதலில் வந்தது இந்த ஆரணிப் பெண்தான், கேழ்வரகு. கண்ணு, உன் முறைதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் எங்களுக்கு விட்டுக் கொடுப்பாயா? இந்த ஒரு தடவை.

துரைக்கண்ணு, தனித்தனியாகப் போடாதே. அவள் வாளியையும் வாங்கு, ரெண்டையும் ஒன்றாகக் கொட்டு. கலந்தால் பரவாயில்லை. ஒரே டிரம் அரிசிதான் அப்பா அது. ஒரு படி ஓடட்டும்.